மூன்றாவது கடிதம்

கனவு காணுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவில் சொல்கிறார்கள், கல்லூரி முதல் நாளில் சொல்கிறார்கள், தினசரி காலண்டரின் அடியில்கூட அச்சடித்திருக்கிறார்கள். கனவு காண்பதில் யாருக்கு என்ன கஷ்டம்? மதியம் முதல் பீரியடில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் அது தானாகவே வரும்!

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கனவை இன்னொருவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். அப்பாவிடம், அம்மாவிடம், ஆசிரியரிடம், முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம். சிரித்துவிட்டால்? "இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டால்? பெரும்பாலான கனவுகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. தோற்றுப்போய் அல்ல, யாரிடமும் சொல்லப்படாமலேயே.

இந்த இடத்தைத் தாண்டிய ஒருவரின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் சீனிவாச ராமானுஜன்.

பாடப்புத்தகத்தில் அந்தக் கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். கும்பகோணத்தில் ஒரு ஏழைப் பையன், கணக்கில் மேதை, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், அவர் அழைத்துக்கொண்டார், புகழ் வந்தது, இளம் வயதில் இறந்தார். கூடவே அந்த 1729 டாக்ஸி எண். அவ்வளவுதான்.

இந்தக் கதையில் நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அவர் பள்ளியை முடித்தது 1904ல். கப்பல் ஏறியது 1914ல். நடுவில் பத்து வருடங்கள் எங்கே போயின? பதினாறு வயதிலிருந்து இருபத்தாறு வயது வரை, ஒரு மனிதனுக்குத் தைரியம் மிகவும் தேவைப்படுகிற அந்த வருடங்களில், அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஒரே ஒரு பாடம்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி கோவில் சன்னதித் தெருவில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. அம்மா கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். வீட்டில் வெளியூர் மாணவர்கள் சிலரைத் தங்க வைத்து, அதில் வருகிற பணத்தையும் சேர்த்துத்தான் குடும்பம் ஓடியது.

டவுன் ஹைஸ்கூலில் அவர் நல்ல மாணவர். எல்லாப் பாடத்திலும் பரிசு வாங்குகிறவர். 1903ல், பதினைந்து வயதில், ஒரு புத்தகம் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கில ஆசிரியர் பரீட்சைக்குப் படிக்கிற மாணவர்களுக்காகத் தொகுத்தது. சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருக்கும். ஏன், எப்படி என்ற விளக்கம் மிகக் குறைவு. வேறு யாராவது என்றால் புரட்டிவிட்டு மூடி வைத்திருப்பார்கள். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் மற்ற பாடங்கள் எல்லாம் அவருக்கு மறைந்துபோயிருந்தன. ஆங்கிலத்தில் தேறவில்லை. உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். அந்த வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

1905ல், பதினேழு வயதில், யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். வீட்டில் தேடி அலைந்தார்கள். பிறகு திரும்பி வந்தார். 1906ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் உடலியல் என்றொரு பாடம் இருந்தது, அது அவருக்குக் கொஞ்சமும் ஏறவில்லை. நடுவில் உடம்புக்கும் முடியாமல் போயிற்று. எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1907ல் தனியாக எழுதினார். மறுபடியும் தோல்வி.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மற்ற பாடங்களைப் படிக்காமல் விட்டதைத் தைரியம் என்று சொல்லக்கூடாது. வீட்டை விட்டு ஓடியதும் தைரியம் இல்லை. அவமானம் தாங்காத ஒரு பையன் செய்த காரியம் அது. "ராமானுஜனே ஃபெயில்தான்" என்று அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் ஆறுதல் சொல்லிக்கொள்வது உண்டு. ஆனால் ஃபெயில் ஆனதால் அவர் ராமானுஜன் ஆகவில்லை. ஃபெயில் ஆன பிறகு என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

1908. பட்டம் இல்லை, வேலை இல்லை. வயது இருபது. கையில் இருப்பது கணக்குகள் நிரம்பிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும். அதில் இருப்பது புதியதா, பழையதா, சரியா, தப்பா என்று சொல்லக்கூட அருகில் ஆள் இல்லை. டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். பரீட்சைக்கு வேண்டியதை விட்டுவிட்டு முடிவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் அதுவும் நிலைக்கவில்லை.

1909 ஜூலையில் அம்மா கல்யாணம் செய்து வைத்தார். மணப்பெண் ஜானகிக்குப் பத்து வயது. அந்தக் காலத்து வழக்கப்படி பெண் பிறந்த வீட்டிலேயே சில வருடங்கள் இருந்தாள். ஆனால் ராமானுஜனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. இனிமேல் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. இதற்கு நடுவே விரை வீக்கம் வந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் அதற்குப் பணமில்லை. 1910 ஜனவரியில் ஒரு மருத்துவர் கட்டணம் வாங்காமல் செய்துகொடுத்தார். உடம்பு மிகவும் மோசமாக இருந்த ஒரு சமயத்தில், தன் நோட்டுப் புத்தகங்களை ஒரு நண்பரிடம் கொடுத்து, தான் இறந்துவிட்டால் இவற்றை இன்னின்ன பேராசிரியர்களிடம் சேர்த்துவிடு என்று சொன்னார்.

உயிரைவிட நோட்டுப் புத்தகத்துக்காகக் கவலைப்பட்ட அந்த ஆள், பிழைத்து எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஏற ஆரம்பித்தார். பாடப்புத்தகம் விட்டுவிட்ட பகுதி இதுதான்.

1910ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இப்படிப்பட்ட ஒருவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்து வீணாக்க மனம் வராமல், சென்னையில் இருந்த தனக்குத் தெரிந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்து சேஷு ஐயர், அவரிடமிருந்து ராமச்சந்திர ராவ் என்று சங்கிலி நீண்டது. ராமச்சந்திர ராவ் நெல்லூர் கலெக்டர், கணிதக் கழகத்தில் முக்கியமானவர். அந்த முதல் சந்திப்பைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். குட்டையான, சவரம் செய்யாத, அழுக்கான ஒரு ஆள் கக்கத்தில் கிழிந்த நோட்டோடு வந்து நின்றாராம். கண்கள் மட்டும் பளபளத்தனவாம். முதலில் ராவுக்கு எதுவும் புரியவில்லை. ராமானுஜன் மறுபடி போனார். எளிய முடிவுகளில் ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே அழைத்துச் சென்றார். கடைசியில் ராவ், உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். பிழைத்திருப்பதற்குக் கொஞ்சம் பணம் போதும், ஆராய்ச்சியைத் தொடர வேண்டும் என்பதுதான் பதில்.

யோசித்துப் பாருங்கள். கலெக்டர் கேட்கிறார். வீடு கேட்டிருக்கலாம், உத்தியோகம் கேட்டிருக்கலாம். சாப்பாடும் நேரமும் போதும் என்று சொல்ல, தனக்கு என்ன வேண்டும் என்பது எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்! நம்மில் பலருக்கு இந்தத் தெளிவு இல்லாததால்தான் தைரியமும் வருவதில்லை. எதைக் கேட்பது என்று தெரியாதவனுக்கு எப்படிக் கேட்க முடியும்?

விடை 3

ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1911ல் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளியானது. அதே வருடம் அந்த இதழில் வாசகர்களுக்கு ஒரு புதிரும் போட்டார். ஒரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் போகும்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...

இதன் மதிப்பு என்ன? மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே சொன்னார். விடை 3!

எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும், எப்படி என்று பார்க்கலாம். 3 என்பது √9. ஒன்பதை 1 + 2×4 என்று எழுதலாம். அதிலுள்ள 4 என்பது √16. பதினாறை 1 + 3×5 என்று எழுதலாம். அதிலுள்ள 5 என்பது √25, அதாவது 1 + 4×6ன் வர்க்கமூலம். இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். பார்க்கப் பயமுறுத்துகிற ஒன்றுக்குள்ளே இவ்வளவு எளிமையான ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் பிடிக்காதவர்களுக்குக்கூட இதைப் பார்த்தால் அந்த மனிதருக்கு ஏன் இதில் இவ்வளவு பைத்தியம் என்று கொஞ்சம் புரியும்.

அடுத்தவர் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை. 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அந்த வருடம்தான் ஜானகியும் அம்மாவும் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள்.

காகிதம் விலை அதிகம். அதனால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். துணியைத் தேடி எடுத்து அழித்தால் யோசனை அறுந்துவிடும் என்பதால் முழங்கை. அந்த முழங்கை எப்போதும் கறுப்பாகவே இருக்குமாம்.

அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர். இருவரும் இரவில் இரண்டு சிலேட்டுகளை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அவருக்கும் மேலே துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற ஆங்கிலேயர். இந்த இருவரும்தான் குமாஸ்தாவை வெளியுலகத்துக்குத் தள்ளிவிட்டவர்கள். வேலை நேரத்தில் கணக்குப் போடுகிறான் என்று மெமோ கொடுக்காத அதிகாரிகள்! கனவைத் துரத்துவதற்கு வேலையை உதறிவிட வேண்டும் என்று இப்போது பலர் வீரவசனம் பேசுகிறார்கள். ராமானுஜன் அப்படிச் செய்யவில்லை. வேலையைத் தேடிப் பிடித்து, அதில் காலை ஊன்றிக்கொண்டுதான் எட்டிப் பிடித்தார்.

ஸ்டாம்ப் ஒட்டும் தைரியம்

சென்னையில் இருந்தவர்களுக்கு ஒரு அளவுக்கு மேல் அவருடைய கணக்கு புரியவில்லை. இவர் மேதையா அல்லது நம்மை ஏமாற்றுகிறாரா என்று சொல்லவும் முடியவில்லை. 1912ல் சென்னைப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் தன் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு ராமானுஜனின் தாள்களை அனுப்பினார். பதில் வந்தது. திறமை இருக்கிறது, ஆனால் முடிவில்லாத தொடர்களில் பலரும் விழுகிற குழியில் இவரும் விழுந்திருக்கிறார், இன்ன புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்றார் ஹில். இப்போதைக்குப் பிரசுரிக்க முடியாது என்பதுதான் சாரம்.

பிறகு ராமானுஜனே நேரடியாக எழுதினார். கேம்பிரிட்ஜில் எச்.எஃப். பேக்கர். பெரிய கணித மேதை. உதவி கிடைக்கவில்லை. அடுத்து ஈ.டபிள்யூ. ஹாப்சன். அவரும் பெரிய ஆள்தான். அங்கும் கிடைக்கவில்லை.

அப்போது கடிதம் என்றால் இன்றைக்கு மெயில் அனுப்புவது போல இல்லை. பக்கம் பக்கமாகச் சூத்திரங்களைக் கையால் திருத்தமாக எழுத வேண்டும். சரியில்லாத ஆங்கிலத்தை யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். பிறகு காத்திருக்க வேண்டும். காத்திருந்த பிறகு ஒன்றும் இல்லை என்றால், அந்த நாளில் அலுவலகம் போய்க் கப்பல் சரக்குக் கணக்கை எழுத வேண்டும்.

1913 ஜனவரி 16ஆம் தேதி மூன்றாவது கடிதத்தை எழுதினார். ஜி.எச். ஹார்டிக்கு.

அந்தக் கடிதத்தில் தன்னை அவர் அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதம் கவனிக்க வேண்டியது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் ஒரு குமாஸ்தா என்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை ஒளிக்கவில்லை. வயது சுமார் 23 என்கிறார். உண்மையில் அப்போது அவருக்கு 25 முடிந்திருந்தது! வயது ஏறிக்கொண்டே போகிறது, இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்ற கூச்சமாக இருக்கலாம். அப்படியானால் அது ரொம்ப மனிதத்தனமான ஒரு சின்னப் பொய். தைரியசாலிக்கும் பயம் இருக்கும் என்பதற்கு இந்த இரண்டு வருடமே போதும்.

கடிதத்தோடு பத்துப் பக்கத்துக்குக் குறையாமல் சூத்திரங்கள். ஹார்டி முதலில் இதை ஏதோ மோசடி என்றுதான் நினைத்தார். ஆனால் நாள் முழுவதும் மனம் அதிலேயே நின்றது. இரவில் நண்பர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். நள்ளிரவு நெருங்கும்போது அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. சில முடிவுகள் ஏற்கெனவே தெரிந்தவை. சில புதியவை. சில அவர்கள் அதுவரை கண்டதே இல்லாத மாதிரியானவை. இப்படிப்பட்டதைக் கற்பனை செய்து ஏமாற்ற யாராலும் முடியாது, அதனால் இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார். பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார்.

ஒரு கேள்வி. பேக்கரும் ஹாப்சனும் பதில் சொல்லாதபோது ராமானுஜன் நிறுத்தியிருந்தால்? யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முயற்சி செய்தான், கிடைக்கவில்லை, குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான் என்று நல்ல பெயர்கூட வந்திருக்கும். துறைமுகக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். நோட்டுப் புத்தகங்கள் பரணில் கிடந்து செல்லரித்திருக்கும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்றாவது கடிதம் எழுதிய எல்லோருக்கும் ஹார்டி கிடைப்பதில்லை. கிடைக்காதவர்களின் பெயர் வரலாற்றில் இல்லை, அதனால் நமக்கு அவர்களைத் தெரியாது. தைரியம் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்வது பொய். எழுதாவிட்டால் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு எழுதுவதுதான் உண்மையான தைரியம்.

கடலுக்கு முன்னால்

ஹார்டியின் பதில் வந்ததும் எல்லாம் மாறியது. 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு! ராமானுஜன் ஹார்டியிடம் கேட்டதும் இப்படி ஒன்றைத்தான். பிப்ரவரி கடைசியில் எழுதிய இரண்டாவது கடிதத்தில், தான் அரைப்பட்டினி கிடக்கிறவன், மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சோறு வேண்டும், உங்கள் பரிவான ஒரு கடிதம் இருந்தால் உதவித்தொகை கிடைக்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்.

ஆனால் இங்கிலாந்துக்கு வா என்று ஹார்டி அழைத்தபோது ராமானுஜன் மறுத்துவிட்டார். இதையும் பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிவிடுகிறது. வைஷ்ணவக் குடும்பம். கடல் தாண்டினால் சாதியை விட்டு விலக்கிவிடுவார்கள். திரும்பி வந்தால் சுபகாரியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். பேராசிரியர்கள் முன்னால் நோட்டை நீட்டத் துணிந்தவருக்கு அம்மா முன்னால் துணிவு வரவில்லை.

1914 தொடக்கத்தில் நெவில் என்ற இளம் கணித ஆசிரியர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு விரிவுரை ஆற்ற வந்தார். ராமானுஜனை எப்படியாவது சம்மதிக்க வைக்கச் சொல்லி ஹார்டி அனுப்பியிருந்தார். நெவில் கேட்டபோது ஆச்சரியம், சம்மதம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. கோமளத்தம்மாள் ஒரு கனவு கண்டாராம். மகன் ஐரோப்பியர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறான், மகனின் வழியில் குறுக்கே நிற்காதே என்று குலதெய்வம் நாமகிரித் தாயார் சொல்கிறாள். நம்புகிறவர்கள் அதைத் தெய்வ வாக்கு என்பார்கள். நம்பாதவர்கள், மகனை அனுப்ப மனசுக்குள் முடிவு செய்துவிட்ட ஒரு தாய், ஊராருக்குச் சொல்ல ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாள் என்பார்கள். எப்படி இருந்தாலும் அந்த வீட்டில் முதலில் தைரியம் வந்தது அம்மாவுக்குத்தான்.

புறப்படுவதற்கு முன் அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் பார்க்கும்படி குடுமியை எடுக்க மனம் வரவில்லை. பிறகு குடுமி போயிற்று. சட்டையும் பூட்ஸும் வந்தன. 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. ஏப்ரல் 14ஆம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார்.

கணக்கில் சேராதவர்கள்

அதற்குப் பிறகு நடந்தது தெரிந்ததுதான். 1916ல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அதே வருடம் டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ. அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

ஆனால் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. போன சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் வெடித்தது. சைவச் சாப்பாட்டுக்குப் பெரும்பாடு. தானே சமைத்துக்கொண்டார். குளிர், தனிமை. 1917லிருந்து உடம்பு விழுந்து, ஒன்று மாற்றி ஒன்றாக மருத்துவமனைகள். 1918 தொடக்கத்தில் ஒரு நாள் லண்டன் பாதாள ரயிலின் முன்னால் விழுந்து உயிரை விடவும் முயன்றார். ரயில் சற்று முன்னால் நின்றதால் பிழைத்தார். ராயல் சொசைட்டி கௌரவம் வந்ததும் அதே ஆண்டில்தான். கனவு பலித்த மனிதனுக்கு வேறு துக்கம் இருக்காது என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

இங்கே ஜானகி இருந்தார். அவர் எழுதிய கடிதங்கள் கணவருக்குப் போய்ச் சேராமல் மாமியார் தடுத்தது பின்னாளில் தெரியவந்தது. 1919ல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த கணவரை அவர் ஒரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். அந்தப் படுக்கையிலும் ராமானுஜன் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு புதிய வகைச் சார்பைப் பற்றி எழுதினார். ஏப்ரல் 26ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடல் தாண்டியவர் என்பதால் இறுதிச் சடங்குக்கும் உறவினர்கள் பலர் வரவில்லை. பயந்தது வீணான பயம் இல்லை, நிஜமாகவே நடந்தது!

ஜானகிக்கு அப்போது வயது 21. அதன் பிறகு பம்பாய்க்குப் போய்த் தையல் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து சொந்தக் காலில் நின்றார். ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994ல், 95 வயதில் காலமானார். கணவர் போட்ட கடைசிக் கணக்குத் தாள்களைச் சேர்த்துக் காப்பாற்றியவர் அவர். அந்தத் தாள்கள் பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் கண்ணில் டிரினிடி நூலகத்தில் பட்டன. இன்று "தொலைந்த நோட்டுப் புத்தகம்" என்று உலகமே கொண்டாடுவது அதைத்தான்.

தைரியத்தைப் பற்றிப் பேசும்போது ஹீரோவை மட்டும் பார்க்கிறோம். அவர் தைரியத்துக்கு அடியில் எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காசு வாங்காத மருத்துவர், ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர், கோமளத்தம்மாள், ஜானகி. இவர்களில் யாருக்கும் அவருடைய கணக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் நம்பினார்கள். நம் நண்பன் ஒருவன் தன் கனவைக் கூச்சத்தோடு சொல்லும்போது சிரிக்காமல் கேட்பதுகூட இந்த வரிசையில் சேர்ந்த காரியம்தான்.

இன்னொரு கடிதம்

ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. 1919 ஜனவரியில் எழுதிய இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊர் திரும்புவதற்கு முன், சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுண்டு தருவதாக அறிவித்திருந்தது. குமாஸ்தா சம்பளத்தைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். வறுமையில் அடிபட்டவர்கள் இப்படி ஒரு பணம் வந்தால் இறுகப் பிடித்துக்கொள்வார்கள்.

ராமானுஜன் பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுதினார். இவ்வளவு பணம் தனக்குத் தேவைப்படாது. பெற்றோருக்கு வருடம் 50 பவுண்டும், தன் அவசியச் செலவும் போக மிச்சத்தை ஏழைப் பையன்கள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகங்கள் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

1905ல் 32 ரூபாய் கட்ட முடியாமல் ரயிலேறி ஓடிய பையன் பதினான்கு வருடம் கழித்தும் அந்தக் கட்டணத்தை மறக்கவில்லை.

ராமானுஜனைப் போல நமக்கு மூளை இல்லை, அது உண்மை. ஆனால் இந்தக் கதையில் மூளை தேவைப்படாத இடங்கள் நிறைய இருக்கின்றன. திருக்கோவிலூருக்கு டிக்கெட் எடுக்க மூளை தேவையில்லை. ராமச்சந்திர ராவ் வீட்டுக்கு இரண்டாம் முறை போக மூளை தேவையில்லை. இரண்டு பேர் கைவிரித்த பிறகு மூன்றாவது உறையில் முகவரி எழுத மூளை தேவையில்லை. இவை எல்லாம் நம்மாலும் முடிகிற காரியங்கள்.

உங்கள் மேஜை டிராயரில் அல்லது கம்ப்யூட்டரின் ஏதோ ஒரு மூலையில், யாருக்கும் காட்டாத ஒன்று இருக்கும். எழுதிய கதை, வரைந்த படம், பாதியில் நிற்கும் புரோகிராம், சேர விரும்பும் படிப்பின் விண்ணப்பம். ஒருவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாரா? இரண்டாவது ஆளும் பதில் சொல்லவில்லையா?

சரி, மூன்றாவது ஆள் யார்?